ஃபின்னிஷ் மொழியில் பெட்ரோல் கேனுக்கு ‘ஜெர்ரிகன்னு’ என்ற பெயர் எப்படி வந்தது?

ஃபின்லாந்தில் 20 லிட்டர் பெட்ரோல், டீசல் பிடிக்கும் தட்டையான கேனை ‘ஜெர்ரிகன்னு’ என்பார்கள். இது இரண்டு சொற்கள் ஒட்டிய கூட்டுச்சொல்.

‘ஜெர்ரி’ என்பது ஜெர்மானியர்களுக்கு ஆங்கிலேயப் படைவீரர்கள் வைத்த பட்டப்பெயர். இந்தக் கேன் 1930-களில் ஜெர்மன் ராணுவத்துக்காக உருவானது. இரண்டாம் உலகப் போரில், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஆங்கிலேயர்களின் மெல்லிய தகரக் கேன்கள் ஒழுகித் தள்ளின. கைப்பற்றிய ஜெர்மன் கேன்களோ ஒழுகவில்லை. அதன் மூன்று கைப்பிடிகள் அருமையான யோசனை: ஒரே ஆள் ஒரு கையில் இரண்டு காலி கேன்களைத் தூக்கலாம், நிரம்பியதை இருவர் சேர்ந்து பிடிக்கலாம். ஆங்கிலேயர்கள் அதை அப்படியே நகலெடுத்தார்கள், ஆங்கிலத்தில் ‘ஜெர்ரிகேன்’ என்ற பெயரும் நிலைத்தது.

சரி, ‘கன்னு’? அது கூஜா, குடுவை என்று பொருள்படும் ஃபின்னிஷ் சொல், ஸ்வீடிஷிலிருந்து வந்தது. அதாவது முன்பாதியை வெளியிலிருந்து வாங்கி, பின்பாதிக்கு வீட்டில் புழங்கிய சொல்லையே வைத்துக்கொண்டார்கள். நம் ‘சீமெண்ணெய்’யும் இப்படித்தான்: எண்ணெய் நமக்குத் தெரிந்தது, சீமை அது வந்த இடம்.

ஜெர்ரி என்பவர் கண்டுபிடித்ததால் வந்த பெயர் என்று நினைக்கத் தோன்றும். அப்படி ஒருவர் இல்லை.