பிடிஎஃப்பில் நிமிர்த்தி எழுதிய குறிப்பு அடுத்தவர் திறக்கும்போது ஏன் சாய்ந்து கிடக்கிறது?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தின் நில வரைபடத்தைப் படுக்கைவாட்டில் ஸ்கேன் செய்து, சேலத்தில் இருக்கும் சர்வேயருக்குக் குறிப்பெழுதி அனுப்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

குறிப்பு என்பது பக்கத்தின் மேல் தனியாக ஒட்டப்படும் எழுத்தோ படமோதான். அது எங்கே, எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதை பிடிஎஃப் உங்கள் திரையை வைத்து அல்ல, பக்கத்தை வைத்துத்தான் பதிந்துகொள்கிறது. மண்டியில் படுத்துக் கிடக்கிற மாம்பழப் பெட்டியில் நேராகத் தெரியும்படி லேபிள் ஒட்டுகிறீர்கள், லாரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்ததும் லேபிள் படுத்துவிடும், அதே கதைதான் இதுவும்.

பல செயலிகளில் இரண்டு சுழற்றல் உண்டு. ஒன்று பார்வையை மட்டும் திருப்பும், கோப்பில் சேராது. இன்னொன்று பக்கத்தையே 90, 180, 270 டிகிரி என்று திருப்பிச் சேமிக்கும். முதலில் இந்த இரண்டாவதைச் செய்து சேமியுங்கள், அப்புறம் எழுதுங்கள். பாதித் தலைவலி அங்கேயே போய்விடும்.

குறிப்பை மட்டும் சாய்ப்பது வேறு வேலை. 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதை வரைபடத்தில் வளைவு எண்ணைச் சாலையின் சாய்வுக்கே எழுத வேண்டும் என்றால், எழுத்துப் பெட்டியின் விளிம்பில் சுழற்றும் பிடி இருக்கிறதா பாருங்கள். சில செயலிகளில் எழுத்துக்கு அது இருக்காது, படத்துக்கும் முத்திரைக்கும் மட்டும் இருக்கும். அப்போது எழுத்தையே படமாக்கி ஒட்டிவிடலாம்.

படத்தைத் திரும்பத் திரும்பச் சுழற்றினால் மங்கிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பொதுவாக கோணம் மட்டுமே மாற்றி எழுதப்படுகிறது, படத்தின் புள்ளிகள் அப்படியேதான் இருக்கின்றன.