கேள்வி – பதில்: முதல் மந்திரி பதவி வேண்டாம் என்ற வியாபாரி

கே: 1920 தேர்தலில் நீதிக்கட்சி ஜெயித்தும் பிட்டி தியாகராயர் முதல் மந்திரி ஆகவில்லையே, ஏன்? – வாசகர், குரோம்பேட்டை

ப: காங்கிரஸ் ஒதுங்கி நின்ற தேர்தல் அது. கவர்னர் வில்லிங்டன் பிரபு முதலில் கூப்பிட்டது கட்சித் தலைவரான தியாகராயரைத்தான். அவர் மறுத்துவிட்டதால் சுப்பராயலு ரெட்டியார் பதவியேற்றார். பதவிக்காகக் கட்சி நடத்தவில்லை என்று காட்டவே மறுத்தார் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகவே படுகிறது.

1882-ல் சென்னை மாநகராட்சி மன்றத்துக்குள் நுழைந்த மனிதர் அவர். ஏறக்குறைய நாற்பது வருஷம் அங்கேயே இருந்தார். மன்றத் தலைவர் நாற்காலியில் அரசாங்கம் அனுப்பிய அதிகாரிதான் உட்காருவார். 1919-ல் வந்த சட்டம்தான் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வழிசெய்தது. அப்படி முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தியாகராயர். (மேயர் என்ற பட்டம் 1933-ல்தான் வந்தது.) அப்போது அவருக்கு 68 வயது. கோட்டையிலோ இரட்டையாட்சி. நிதியும் போலீசும் கவர்னரின் ஆட்கள் கையில், மந்திரிகளுக்குக் கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை மட்டும். வேண்டியதைச் செய்ய மாநகராட்சி இருக்கும் ரிப்பன் மாளிகையே மேல் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார் என்பது என் எண்ணம். வியாபாரிக்கு அந்தக் கணக்கு வராதா என்ன!

கே: மதிய உணவை முதலில் கொண்டுவந்தது அவர்தானா? காமராஜர் இல்லையா? – வாசகி, பெரம்பூர்

ப: மாநிலம் முழுவதும் கொண்டுசென்ற பெருமை காமராஜருக்கே உரியது, அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் சென்னையில் தொடக்கம் 1920. அந்த செப்டம்பரில் தியாகராயர் தலைமையில் மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது: ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்களுக்கு மதியம் சாப்பாடு, செலவு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது. ஓரணா என்றால் ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. இந்த வரியை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. 'ஏழைகளுக்கு உதவ வேண்டும்' என்று பொதுவாகப் பேசிவிட்டுப் போகவில்லை பாருங்கள். எந்தப் பள்ளி, எந்த வேளை, தலைக்கு எவ்வளவு என்று எழுதி வைத்தார்கள்.

அப்புறம் இன்னும் சில பள்ளிகளுக்கும் திட்டம் போனது, பிள்ளைகள் எண்ணிக்கையும் கூடியது. ஆனால் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்ய அரசாங்கம் ஒப்பவில்லை. 1925-ல் திட்டம் நின்றது. அதே ஆண்டு தியாகராயரும் காலமானார்.

கே: அவர் என்ன வியாபாரம் செய்தார்? – வாசகர், தண்டையார்பேட்டை

ப: உங்கள் பக்கத்துத் தறிச் சத்தத்தில்தான் அவர் கதையே! நெசவையே தொழிலாகக் கொண்ட தேவாங்கர் குடும்பம். மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தவர், குடும்பத் தொழிலுக்கே திரும்பினார். 'மெட்ராஸ் கைக்குட்டை' என்று உலகம் அறிந்த சரக்கு உண்டு. கைக்குட்டை என்றுதான் பெயர், உண்மையில் கட்டம் போட்ட பருத்தித் துணி. லண்டன் வழியாக மேற்கு ஆப்பிரிக்கா வரை போகும், அங்கே இடுப்பிலும் தலையிலும் கட்டிக்கொள்வார்கள்.

பழைய தறியில் நெசவாளி நாடாவை (குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் கட்டை) ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும், துணியின் அகலம் கைக்கு எட்டுகிற அளவுதான். கயிற்றைச் சுண்டினால் நாடா தானே ஓடும் தறிகளைத் தியாகராயர் தன் நெசவுக்கூடத்தில் போட்டார். 1909-ல் தென்னிந்திய வர்த்தக சபை தொடங்கியபோதும் முன்னால் நின்றவர்களில் ஒருவர். எனக்கு அவர் மேல் மரியாதை தொடங்குவது இங்கேதான். தறி தெரிந்த முதலாளி அவர்.

கே: டாக்டர் டி.எம். நாயரும் அவரும் முதலில் எதிரிகளாமே? – வாசகர், திருவல்லிக்கேணி

ப: உங்கள் ஊர்ச் சண்டைதான் அது! பார்த்தசாரதி கோயில் குளத்து விவகாரத்தில் மன்றத்தில் இருவருக்கும் முட்டிக்கொண்டது, நாயர் விலகியே போனார். பிற்பாடு டாக்டர் நடேச முதலியார் நடுவில் நின்று சேர்த்துவைத்தார். 1916 நவம்பரில் மூவருமாகத் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பிற்பாடு அதைத்தான் நீதிக்கட்சி என்றார்கள்.

கே: தியாகராயர் தி.நகரில் எந்தத் தெருவில் இருந்தார்? – வாசகி, மேற்கு மாம்பலம்

ப: அவர் வடசென்னைக்காரர் அம்மா. மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-களில் உருவாக்கிய குடியிருப்புக்கு அவர் பெயரை வைத்தார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் மெட்ரோவில் தியாகராயா கல்லூரி நிலையத்தில் இறங்குங்கள். அவர் பெயர் தாங்கிய கல்லூரி அங்கேதான். திரும்பும்போது சென்ட்ரலில் இறங்கினால் ரிப்பன் மாளிகை முன்னால் அவர் சிலையையும் பார்த்துவிடலாம்.