கட்டிதான் போயிற்றே, மாத்திரை எதற்கு?

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம். தினம் ஒரு தமாக்சிஃபென், 20 மி.கி. ராத்திரியில் உடம்பு அனலாய் அடித்து, ரவிக்கை நனைந்து, வளவில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். பேத்தி கல்யாண அலைச்சலில் பத்து நாள் போடவில்லை, ஒன்றும் ஆகவில்லை. நிறுத்திவிடலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள் ஆச்சி. விட்டால் உடனே ஒன்றும் தெரியாது. இந்த மாத்திரையில் சிக்கலே அதுதான். ஹார்மோனைத் தின்று வளரும் வகைக் கட்டிக்குத்தான் இதைத் தருவார்கள். எங்காவது மிச்சமிருக்கும் செல்லுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற அந்த ஹார்மோன் எட்டாமல் மறித்து நிற்கும். வழக்கமாக 5 வருடம், சிலருக்கு 10.

அனல் இதன் பக்கவிளைவுதான். டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள், தணிக்க வழி உண்டு. ஆனால் அனலுக்கும் எழுதப்படுகிற பராக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின் போன்ற சில மனச்சோர்வு மாத்திரைகள் தமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கும். வேறு யார் மருந்து எழுதினாலும் பழைய சீட்டைக் காட்டுங்கள். மறந்த நாளுக்குச் சேர்த்து இரண்டாகப் போட வேண்டாம். தீட்டு நின்றபின் ரத்தம் பட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

என் பெரியம்மா மாத்திரை அட்டையைக் காபிப்பொடி டப்பா பக்கத்தில் ஓலைக் கொட்டானில் வைத்திருந்தார். காபி மறந்தால்தானே மாத்திரை மறக்கும் என்பார்.