சேர்க்கை குறையும் கல்லூரி: அடுத்த ஆண்டு பட்ஜெட்டை எந்த எண்ணில் தொடங்குவது?

கேள்வி: டெல்டா மாவட்டம் ஒன்றில், தாலுகா ஊரில் உள்ள சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியில் சென்ற ஜூலையில் முதல்வராகப் பொறுப்பேற்றேன். முதலாண்டுக்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள் 600. கடந்த மூன்று ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் முறையே 468, 431, 402. இன்று வருகைப் பதிவேட்டில் இருப்பவர்கள்: மூன்றாமாண்டு 379, இரண்டாமாண்டு 372, முதலாண்டு 361. சராசரிக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 24,000 ரூபாய். ஆசிரியர்கள் 58 பேர். 2026-27 பட்ஜெட்டைத் தயாரித்துத் தரும்படி தாளாளர் கேட்டிருக்கிறார். அவருக்குப் புதிய கட்டடமும் ஏ.ஐ. பட்டப்படிப்பும் வேண்டும். ஆசிரியர்கள் சம்பள உயர்வு கேட்கிறார்கள். ஒருங்கிணைப்பாளர் 'நாக்' (கல்லூரித் தர மதிப்பீடு) வேலையைத் தொடங்க வேண்டும் என்கிறார். கணிதத் துறையை மூடிவிடலாம் என்றும் பேச்சு ஓடுகிறது. எதை முதலில் எடுப்பது, ஐயா?

பதில்: உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. பெரும்பாலானவர்கள் சேர்ந்த எண்ணை மட்டும் அனுப்புவார்கள். நீங்கள் இன்று பதிவேட்டில் இருக்கும் எண்ணையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்று ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் மொத்தம் 1,301. இன்று வகுப்பில் இருப்பவர்கள் 1,112. இடையில் காணாமல் போனவர்கள் 189. தலைக்கு 24,000 என்றால் 45.36 லட்சம் ரூபாய், அதுவும் ஒரே ஆண்டில். மூன்றாமாண்டுத் தொகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் 468 பேரில் 89 பேர் இல்லை, அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். இவ்வளவு பெரிய தொகை எந்த பட்ஜெட் தாளிலும் செலவாகவோ நட்டமாகவோ எழுதப்படுவதில்லை. அதனால்தான் நிர்வாகக் குழுவில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஜூன் மாதத்தில் 'இந்த வருஷம் எத்தனை அட்மிஷன்?' என்று கேட்பவர், நவம்பரில் 'எத்தனை பேர் இருக்கிறார்கள்?' என்று கேட்பதில்லை.

எனவே முதல் விதி: பட்ஜெட்டை ஜூன் எண்ணில் போடாதீர்கள், அக்டோபர் 31 எண்ணில் போடுங்கள். அந்தத் தேதியைச் சொல்லக் காரணம் உண்டு. 2024-25 கல்வியாண்டுக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவித்த கட்டணத் திருப்பிக் கொள்கையின்படி, செப்டம்பர் 30 வரை விலகும் மாணவருக்கு முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். அக்டோபர் 31 வரை விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய்தான் பிடித்துக்கொள்ளலாம். ஒவ்வோர் ஆண்டும் தேதி மாறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதுவரை வாங்கிய பணம் உங்கள் பணமல்ல என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பொறியியல் கலந்தாய்வு ஜூலை, ஆகஸ்ட் என்று நீளும்போது, இடம் கிடைத்த பிள்ளை டி.சி. கேட்டு வந்து நிற்கும். அசல் சான்றிதழைப் பிடித்து வைத்து மாணவரைப் பிடித்து வைக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. யுஜிசி அதையும் தடை செய்திருக்கிறது. அப்படிப் பிடித்து வைத்த பிள்ளை வகுப்புக்கு வரப்போவதும் இல்லை.

இப்போது 2026-27 கணக்குக்கு வருவோம். சேர்க்கை 468, 431, 402 என்று இறங்குகிறது. அடுத்தது 375 என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஆண்டு போலவே நூற்றுக்குப் பத்துப் பேர் முதல் சில மாதங்களில் விலகினால் அக்டோபரில் 337. இப்போதைய முதலாண்டு 361, இரண்டாமாண்டுக்குப் போகும்போது நூற்றுக்கு ஐந்து குறைந்து 343. இரண்டாமாண்டு 372, நூற்றுக்கு மூன்று குறைந்து 361. ஐந்து, மூன்று என்பவை நான் வைத்துக்கொண்டவை. உங்கள் பழைய பதிவேடுகளைப் பார்த்துச் சரியான எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். மொத்தம் 1,041 பேர். வருமானம் ஏறத்தாழ 2.50 கோடி. இந்த ஆண்டின் 2.67 கோடியைவிட 17 லட்சம் குறைவு. கல்லூரியில் பெரிதாக எதுவும் மாறாமலேயே 17 லட்சம் போகிறது. தாளாளரிடம் முதலில் காட்ட வேண்டிய தாள் இதுதான்.

சேர்க்கை ஏன் இறங்குகிறது என்று கேட்டால் விளம்பரம் போதவில்லை என்பார்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2005-06 தேசியக் குடும்பநல ஆய்விலேயே தமிழ்நாட்டின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள், 1.8. அதையொட்டிப் பிறந்தவர்கள்தான் இப்போது கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். அது பிறகு ஏறவும் இல்லை. கல்லூரிகளோ கூடிக்கொண்டே வந்திருக்கின்றன. ஃபிளெக்ஸ் பேனர் பிள்ளைகளைப் பிறக்க வைக்காது. ஆகவே வெளியே தேடுவதைவிட, உள்ளே வந்தவர்களை விடாமல் இருப்பது மலிவான வழி.

அந்த 189 பேர் எங்கே போனார்கள்? பெயர்ப் பட்டியலைத் துறைத் தலைவர்களிடம் கொடுத்து, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு காரணம் எழுதச் சொல்லுங்கள். 'சொந்தக் காரணம்' என்று எழுதினால் திருப்பி அனுப்புங்கள். டெல்டாவில் வழக்கமாக வரும் காரணங்கள் நான்கைந்துதான். பொறியியலோ பாலிடெக்னிக்கோ கிடைத்துப் போனவர்கள். தீபாவளிக்கு முன் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்த் திரும்பாத பையன்கள். திருமணமான பெண்கள். முதல் செமஸ்டர் முடிவில் நான்கைந்து அரியர் விழுந்து, வெட்கத்தில் நின்றுவிட்டவர்கள். கட்டண பாக்கிக்காக ஹால் டிக்கெட் மறுக்கப்பட்டு, தேர்வையும் கல்லூரியையும் சேர்த்து விட்டவர்கள். இதில் முதல் வகையை நீங்கள் தடுக்க முடியாது. திருமணத்தில் ஓரளவு பேசிப் பார்க்கலாம். கடைசி இரண்டும் முழுக்க உங்கள் கையில் இருக்கின்றன.

கட்டண பாக்கியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஆண்டுக்கு 12,000, உங்கள் கட்டணத்தில் சரிபாதி. ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகையில் மத்திய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு 2021-22 முதல் நேரே மாணவரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. இவை ஏன் நின்றுபோகின்றன? எட்டாம் வகுப்பில் தொடங்கிய கணக்கு செயலிழந்திருக்கும். ஆதார் வேறு கணக்கோடு இணைந்திருக்கும். ஆதாரில் 'மு' என்றிருக்கும் தலைப்பெழுத்து மதிப்பெண் சான்றிதழில் 'எம்' என்றிருக்கும். அப்பா பெயரில் வருமானச் சான்று வாங்கியிருக்க மாட்டார்கள். இதற்கெல்லாம் ஒரு ஆள் வேண்டும். எழுத்தர் ஒருவரை மாதம் 15,000 ரூபாய்க்கு, இந்த வேலைக்கு மட்டும் அமர்த்துங்கள். ஆண்டுக்கு 1.80 லட்சம். விலகியிருக்கக்கூடிய எட்டுப் பேரை அவர் நிறுத்திவிட்டால் அந்தச் சம்பளத்துக்கு மேல் வந்துவிடும். என்னைக் கேட்டால் உங்கள் பட்ஜெட்டில் மிகப் பலன் தரும் வரி இதுதான். அரியர் விழுந்தவர்களுக்கு மாலை வகுப்பும் பஸ்ஸும் இதற்கு அடுத்தது.

வெளிச் சேர்க்கைக்குச் சுருக்கமாக இரண்டு சொல்கிறேன். மூன்று ஆண்டு விண்ணப்பங்களைப் பள்ளிவாரியாகப் பிரியுங்கள். எந்தப் பள்ளியிலிருந்து திடீரென்று ஆள் நின்றுபோனது என்று பார்த்தால், பெரும்பாலும் உங்கள் பஸ் தடம் மாறியிருக்கும், அல்லது பக்கத்தில் அரசுக் கல்லூரி வந்திருக்கும். பஸ்ஸை மாற்றலாம், அரசுக் கல்லூரியோடு கட்டணத்தில் போட்டி போட முடியாது. இன்னொன்று, துணைத் தேர்வில் தேறும் பிள்ளைகள். மே மாதத்தில் பிளஸ் டூ முடிவு வந்த வாரமே எல்லாக் கல்லூரிகளும் ஓடுகின்றன. துணைத் தேர்வு முடிவு வரும்போது ஒருவரும் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போவதில்லை. பல்கலைக்கழகம் அனுமதிக்கும் கடைசித் தேதிவரை அவர்களுக்கு இடம் வைத்திருங்கள். அவர்கள் கலந்தாய்வைக் காட்டி விலகிப் போவதும் குறைவு.

கணிதத் துறை பற்றி. மூன்று ஆண்டிலும் சேர்த்து 46 மாணவர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 11.04 லட்சம். நான்கு ஆசிரியர்கள், தலைக்கு மாதம் 22,000, பி.எஃப். பங்கையும் சேர்த்தால் 11.42 லட்சம். பார்த்த உடனே நட்டம் என்று தோன்றும். ஆனால் அந்த நால்வரின் கால அட்டவணையை எடுத்துப் பாருங்கள். கணினி அறிவியலுக்கும் பிசிஏவுக்கும் இயற்பியலுக்கும் அலைடு கணிதம் (துணைப்பாடமாக வரும் கணிதம்) எடுப்பது யார்? உதவிப் பேராசிரியருக்கு யுஜிசி வகுத்த வகுப்பு நேரம் வாரம் 16 மணி. நால்வருக்கும் 64. அதில் 30 மணி நேரம் வேறு துறைகளுக்குப் போகிறதென்றால், துறையை மூடினாலும் இரண்டு ஆசிரியர்கள் எப்படியும் வேண்டும். நீங்கள் உண்மையில் மிச்சம் பிடிப்பது இரண்டு பேரின் சம்பளம், 5.71 லட்சம், இழப்பது 11.04 லட்சம். தமிழ், ஆங்கிலத் துறைகளுக்கும் இதே கணக்குதான். பட்டப்படிப்பு நட்டம், துறை நட்டம் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எண்ணிக்கை 15-க்குக் கீழே இறங்கும் படிப்பில் ஓராண்டு சேர்க்கையை நிறுத்திப் பார்ப்பது வேறு. இருப்பவர்கள் முடிக்கும்வரை எப்படியும் நடத்தித்தான் ஆக வேண்டும்.

ஏ.ஐ. பட்டப்படிப்பு வந்தால் மாணவர்கள் வருவார்கள் என்பது உண்மை. எங்கிருந்து வருவார்கள்? பெரும்பாலும் உங்கள் கணினி அறிவியலில் சேர இருந்தவர்களே அங்கே போவார்கள். ஆய்வுக்குழு, பல்கலைக்கழக இணைப்புக் கட்டணம், கணினி ஆய்வகம் என்று செலவு முதல் ஆண்டே வந்துவிடும். மூன்று வகுப்பும் நிரம்ப மூன்று ஆண்டாகும். பல்கலைக்கழகம் வாங்கும் இணைப்புக் கட்டணத்துக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு என்று 2024 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் தெளிவுபடுத்தியதையும் கணக்கில் சேருங்கள். அதற்குப் பதிலாக பிசிஏ, பிபிஏ பிரிவுகளைக் கூட்டலாம் என்று யாராவது சொன்னால், 2024-25 முதல் அந்தப் படிப்புகள் ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) வரம்புக்குள் வந்துவிட்டன என்பதை நினைவூட்டுங்கள். விண்ணப்பங்கள் நிரம்பி வழிந்து, திருப்பி அனுப்பப்படும் பாடம் ஒன்று உங்களிடம் இருக்கும், பி.காம். சி.ஏ. (கணினிப் பயன்பாடு) போல. அதில் இன்னொரு செக்‌ஷன் கேட்பதுதான் இந்த ஆண்டுக்கு உகந்தது.

செலவுப் பக்கத்தில் பலர் தவறவிடும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். தேர்வுக் கட்டணமும் பல்கலைக்கழகத்துக்குக் கட்ட வேண்டிய மற்றத் தொகைகளும் உங்கள் வருமானமே அல்ல. வேறு கணக்கில் வையுங்கள். அதை எடுத்து நவம்பர் சம்பளம் போடும் கல்லூரிகளை எனக்குத் தெரியும். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது. கட்டணம் ஜூன், ஜூலையிலும் டிசம்பரிலும் வருகிறது. சம்பளமோ மாதாமாதம் போகிறது. ஆகவே ஆண்டுப் பட்ஜெட்டோடு பன்னிரண்டு மாத ரொக்க ஓட்டமும் எழுதுங்கள். மே, நவம்பர் கட்டங்கள் சிவப்பில் வரும். அதைச் சமாளிக்க இரண்டு மாதச் சம்பளத்தைத் தொடாத வைப்பாக வைத்திருங்கள்.

பிறகு பணிக்கொடை (கிராஜுவிட்டி). 2009 திருத்தத்தின்படி ஆசிரியர்களும் பணிக்கொடைச் சட்டத்துக்குள் வந்தார்கள், 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும்படியாக. உச்ச நீதிமன்றம் 2022-ல் அதை உறுதி செய்தது. அடிப்படைச் சம்பளம் 22,000 என்றால், பத்தாண்டு முடித்து விலகும் ஒருவருக்கு ஏறத்தாழ 1.27 லட்சம் தர வேண்டும். ஒரே ஆண்டில் நான்கைந்து பேர் விலகினால் எங்கிருந்து கொடுப்பீர்கள்? ஆண்டுதோறும் ஒதுக்கி வாருங்கள்.

சம்பள உயர்வை முற்றாக மறுக்காதீர்கள். செமஸ்டர் நடுவில் பி.காம். ஆசிரியர் போனால் அவரோடு மாணவர்களும் போவார்கள். 58 பேருக்கும் மாதம் 1,000 கூட்டினால் ஆண்டுக்கு 6.96 லட்சம். வருமானம் 17 லட்சம் குறையும் ஆண்டில் ஏப்ரலிலேயே இதைத் தருவது சரிவராது. அக்டோபர் எண் வந்தபின், டிசம்பர் முதல் என்று இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். மாணவர்கள் நின்றால் தங்களுக்கும் உயர்வு என்பது ஆசிரியர்களுக்கும் புரியும்.

'நாக்' இப்போதைக்குப் பணச் செலவல்ல, தரவு வேலை. சேர்க்கை விகிதம், இடஒதுக்கீட்டு இடங்கள் நிரம்பியது, தேர்ச்சி, மேற்படிப்புக்கும் வேலைக்கும் போனவர்கள் பற்றிய சான்று, இவற்றை ஆண்டுதோறும் அந்தந்த மாதமே கோப்பில் போட ஒருவர் பொறுப்பேற்றால் போதும். மாணவர்கள் ஏன் விலகினார்கள் என்று மேலே எழுதச் சொன்ன பட்டியலையும் அவரிடமே கொடுங்கள்.

ஆக 2026-27-க்கு மூன்று முன்னுரிமைகள்: முதலாண்டு விலகலைப் பத்திலிருந்து ஆறு விழுக்காட்டுக்கு இறக்குவது, இரண்டு மாதச் சம்பள வைப்பும் பணிக்கொடை ஒதுக்கீடும், பி.காம். சி.ஏ. கூடுதல் செக்‌ஷன். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு தொகையும் பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் இருக்க வேண்டும். நான்காவதாக ஒன்றை யாராவது கொண்டுவந்தால், எதை எடுத்துவிட்டு என்று கேளுங்கள்.

கட்டடத்துக்கு வருவோம். மூன்றாண்டும் சேர்த்து 1,800 பேருக்கு அனுமதி பெற்ற கல்லூரியில் 1,112 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்; அறைப் பற்றாக்குறை என்ற வாதம் நிற்காது. அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 விழுக்காட்டை அதே ஆண்டில் நோக்கத்துக்காகச் செலவிட்டாக வேண்டும் என்பதற்காகவே கட்டடம் என்று ஆடிட்டர் சொல்லியிருந்தால், நோக்கத்தை முறைப்படி அறிவித்து ஐந்தாண்டு வரை சேர்த்து வைக்கவும் வழி உண்டு, அதைக் கேளுங்கள். தாளாளரிடம் 'வேண்டாம்' என்று சொல்வதைவிட நவம்பர் கூட்டத்துக்குத் தள்ளுவது நல்லது. அன்று அக்டோபர் 31 பதிவேடு மேசையில் இருக்கட்டும். முதலாண்டில் 360-க்கு மேல் இருந்தால் வரைபடத்துக்கு மட்டும் பணம் ஒதுக்கலாம். 337-க்குக் கீழே போயிருந்தால், அனுமதி பெற்ற 600 இடங்களில் எந்த செக்‌ஷன்களைப் பல்கலைக்கழகத்திடம் திருப்பி ஒப்படைப்பது என்பதுதான் அன்றைய பொருள்.