கடன் முடியும்வரை குழந்தையைத் தள்ளிப்போட வேண்டுமா?

கேள்வி: ஓசூரில் வசிக்கிறோம். எனக்கு வயது 29, கணவருக்கு 32. திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பிடித்தம் போக அவருக்கு 40,000 ரூபாயும், தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் எனக்கு 27,000 ரூபாயும் கைக்கு வருகின்றன. திருமணத்துக்காக வாங்கிய தனிநபர் கடனில் 3,10,000 ரூபாய் பாக்கி; வட்டி 14 சதவீதம், தவணை 10,600 ரூபாய், இன்னும் 36 மாதங்கள். பைக் கடனுக்கு 4,100 ரூபாய், இன்னும் 10 மாதங்கள். கிரெடிட் கார்டில் 96,000 ரூபாய் நிற்கிறது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறோம். வங்கியில் 9.5 சதவீத வட்டிக்கு 1,60,000 ரூபாய் நகைக்கடன் உள்ளது. வாடகை 12,000, வீட்டுச் செலவு 21,000, மாமனார் மாமியாருக்கு 5,000. ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு ஒன்றில் மாதம் 5,000 வீதம் 12 மாதங்கள் கட்டியிருக்கிறேன். இன்னும் எடுக்கவில்லை, 8 மாதங்கள் பாக்கி. எல்லாக் கடனையும் அடைத்த பிறகே குழந்தை என்கிறார் கணவர். மூன்று ஆண்டுகள் காத்திருக்க எனக்கு மனமில்லை. எது சரி?

பதில்: உங்கள் கணவரின் கவலை நியாயமானது; ஆனால் அவர் வைத்திருக்கும் அளவுகோல் சரியல்ல என்பதே என் கருத்து. குழந்தை பிறக்கும் நாளில் கடன் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. உங்கள் சம்பளம் நிற்கக்கூடிய மாதங்களில், அவருடைய ஒரு சம்பளத்தையும் கையிருப்பையும் கொண்டு வீடு நடக்க வேண்டும், அவ்வளவே. அந்த நிலையை எட்ட மூன்று ஆண்டுகள் தேவையில்லை. இன்று தொடங்கினால் ஏறத்தாழ ஐந்தாறு மாதங்களில் துணிந்து முடிவெடுக்கும் இடத்துக்கு நீங்கள் வந்துவிடலாம். எனவே எந்தக் கடன் பெரியது என்பதைவிட, எந்தக் கடன் மாதந்தோறும் எவ்வளவு பணத்தை இழுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் கார்டு. அடுத்த மாத அறிக்கை வந்ததும் அதை இருவரும் சேர்ந்து வரி வரியாகப் படியுங்கள். மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 96,000 ரூபாய்க்கு வட்டி 3,360 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 605 ரூபாய், ஆக 3,965 ரூபாய். நீங்கள் கட்டும் குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்றால் 4,800 ரூபாய். அதில் அசலுக்குப் போய்ச் சேருவது 835 ரூபாய் மட்டுமே. போதாக்குறைக்கு, முழுத் தொகையையும் கட்டாத வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. கார்டில் வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. உங்கள் கணக்கில் எல்லாச் செலவும் போக மாதம் 4,500 ரூபாய் மிஞ்ச வேண்டும், ஆனால் மிஞ்சவில்லை. ஆண்டுக்கு 15,200 ரூபாய் வரும் நகைக்கடன் வட்டிக்குத் தனியே எடுத்துவைக்காததால், அது கட்ட வேண்டிய மாதத்தில் மற்ற செலவுகள் கார்டில் ஏறுகின்றன என்றே ஊகிக்கிறேன். இப்படிப்பட்ட வரவு செலவுகளில் நான் அடிக்கடி காண்பது இது. இந்த மாதமே நகை வட்டிக்கென 1,300 ரூபாயைத் தனிக் கணக்கில் போடத் தொடங்குங்கள். கார்டை வீட்டில் வைத்துவிட்டு வெளியே செல்லுங்கள்.

கார்டை அடைக்கும் பணம் உங்களிடமே இருக்கிறது, சீட்டில். அடுத்த ஏலத்தில் அதை எடுத்துவிடுங்கள். 15,000 ரூபாய் தள்ளி எடுத்தாலும் 85,000 ரூபாய் கைக்கு வரும். கடைசி மாதம் வரை பொறுத்திருந்தாலும் முழு லட்சம் கிடைக்காது; நிறுவனத்தின் கமிஷன் சட்டப்படி 7 சதவீதம் வரை இருக்கலாம் என்பதால் 93,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆக முன்கூட்டி எடுப்பதால் இழப்பது 8,000 ரூபாய். அந்த எட்டு மாதங்களும் கார்டு பாக்கி இப்படியே நின்றால் வட்டியும் வரியுமாகப் போவது 31,000 ரூபாய்க்கு மேல். சீட்டை நல்ல சேமிப்பாக நினைத்துக் கடைசிவரை பிடித்துவைப்பது நம் வீடுகளில் வழக்கம். நாற்பது சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும் கடனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படிப் பிடித்துவைப்பதில் பயன் இல்லை. எடுத்த பிறகு மீதித் தவணைகளுக்கு நிறுவனம் ஜாமீன் கேட்கும்; சம்பளச் சான்றிதழையும் ஜாமீன்தாரரையும் ஏலத்துக்கு முன்பே தயார் செய்துகொள்ளுங்கள். தாமதமானால் பணம் வரும்வரை கார்டு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

சீட்டுப் பணம் போகக் கார்டில் நிற்கும் 11,000 ரூபாயையும், அடுத்த அறிக்கையில் பழைய நாட்களுக்கான வட்டியாக வரும் தொகையையும் இரண்டு மாத மிச்சத்தில் தீர்த்துவிடலாம். மூன்றாம் மாதத்திலிருந்து நகை வட்டிக்கான ஒதுக்கீடும் சீட்டுத் தவணையும் போக மாதம் 8,000 ரூபாய் மிஞ்சும். சீட்டு முடியும் ஒன்பதாம் மாதத்தில் அது 13,000 ஆகும். பைக் கடன் முடியும் பதினோராம் மாதத்தில் 17,100 ஆகும். கூட்டிப் பார்த்தால் முதல் ஆண்டின் முடிவில் ஏறத்தாழ 1,08,000 ரூபாயும், பதினைந்தாம் மாத முடிவில் 1,59,000 ரூபாயும் கையில் இருக்கும். இந்தப் பணத்தைப் பங்குச் சந்தையில் போடாதீர்கள். வங்கித் தொடர் வைப்பிலோ, நினைத்தவுடன் எடுக்கக்கூடிய நிரந்தர வைப்பிலோ இருக்கட்டும். இதை எடுத்துத் தனிநபர் கடனை முன்கூட்டி அடைக்கவும் வேண்டாம். மனம் அதைத்தான் சொல்லும் என்பது தெரியும். ஆனால் பகுதித் தொகை செலுத்தினால் பெரும்பாலான வங்கிகளில் தவணைக் காலம்தான் குறையும், மாதத் தவணை அப்படியே இருக்கும். பிரசவ நேரத்தில் கைப்பணம் இல்லாமல் போனால் மீண்டும் கார்டைத்தான் எடுப்பீர்கள்.

இனி உங்கள் சம்பளத்தைப் பற்றி. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனத்தில், பிரசவத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் குறைந்தது 80 நாட்கள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உங்கள் சட்ட உரிமை. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தத்தின்படி வந்தது இது. இப்போதைய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. இதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரங்கள் எடுக்கலாம். உடல்நிலை இடம் கொடுத்தால் முன்பகுதியைக் குறைத்துக்கொண்டு குழந்தையோடு இருக்கும் நாட்களைக் கூட்டிக்கொள்ளலாம். உங்கள் சம்பளம் ஈ.எஸ்.ஐ. வரம்பான 21,000 ரூபாயைத் தாண்டுவதால் இந்தத் தொகையை நிறுவனமே தர வேண்டும். ஆகவே பிரசவத்துக்கு முன் வேலை மாற நினைத்தால் 80 நாள் கணக்கை மறக்காதீர்கள்.

இரு நிறுவனங்களின் குழுக் காப்பீட்டு ஆவணத்தையும் வாங்கிப் படியுங்கள். மகப்பேற்றுக்கு எவ்வளவு வரை தருகிறார்கள், அறுவைச் சிகிச்சைக்குத் தனி வரம்பு உண்டா, குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்தே காப்பீடு உண்டா, எத்தனை நாட்களுக்குள் பெயரைச் சேர்க்க வேண்டும் என்பவை எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும். குழந்தை சில நாட்கள் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருக்க நேர்ந்தால் ஏறும் கட்டணம் பிரசவச் செலவையே மிஞ்சிவிடக்கூடும் என்பதால் கடைசி இரண்டு கேள்விகள் மிக முக்கியமானவை. தனியாக எடுக்கும் பாலிசிகளில் மகப்பேற்றுக்குப் பெரும்பாலும் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ காத்திருப்புக் காலம் உண்டு. அவசரமாக ஒன்றை வாங்கி ஏமாற வேண்டாம். செலவை மதிப்பிடும்போது சுகப்பிரசவக் கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 சதவீதப் பிரசவங்கள் அறுவைச் சிகிச்சை வழியே நடந்தவை. தனியார் மருத்துவமனைகளில் இந்த விகிதம் இன்னும் அதிகம். ஆகவே இரண்டு மூன்று மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைக்கான கட்டணத்தைக் கேட்டு, அதையே உங்கள் கணக்கில் எழுதுங்கள். அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை உட்படப் பிரசவம் இலவசம் என்பதையும் இருவரும் பேசிப் பாருங்கள். வசதியற்றவர்களுக்கு மட்டுமான இடம் என்று அதை ஒதுக்கிவிடத் தேவையில்லை. எங்கே பிரசவம் பார்த்தாலும் கருவுற்றதும் ஆரம்பச் சுகாதார நிலையத்தின் வழியாகப் பதிந்து பிக்மி எனும் கர்ப்பப் பதிவு எண்ணைப் பெற்றுவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அது தேவைப்படும். குழந்தையின் தேசிய அட்டவணைத் தடுப்பூசிகளும் அங்கே இலவசம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கானது. உங்கள் வரவில் அதைச் சேர்க்க வேண்டாம்.

தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு என்று உங்கள் பெற்றோர் முன்வரக்கூடும். அவர்கள் தருவதை நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் திட்டத்தில் அதை வரவாக எழுதாதீர்கள். வளைகாப்பை வீட்டளவில் வைத்துக்கொள்வது பற்றியும் இப்போதே இரு வீட்டாரிடமும் சொல்லிவிடுவது நல்லது. ஏழாம் மாதத்தில் சொன்னால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

ஆறாம் மாத வாக்கில் கருவுற்றுப் பதினைந்தாம் மாத முடிவில் பிரசவம் என்று கொள்வோம். பரிசோதனை, ஸ்கேன், பிரசவம் எல்லாவற்றுக்கும் காப்பீடு போக 1,10,000 ரூபாய் செலவானாலும் கையில் 49,000 ரூபாய் நிற்கும். விடுப்புச் சம்பளம் வரும் ஆறு மாதங்களில் குழந்தைக்கு மாதம் 6,000 ரூபாய் போனாலும் மாதம் 11,100 ரூபாய் சேரும். ஆக விடுப்பு முடியும்போது ஏறத்தாழ 1,16,000 ரூபாய் இருக்கும். அதன்பின் நீங்கள் வேலைக்குத் திரும்பவில்லை என்றால், கணவரின் 40,000 ரூபாயில் வாடகை, வீட்டுச் செலவு, மாமனார் மாமியாருக்குத் தருவது, தவணை, நகை வட்டி, குழந்தைச் செலவு என 55,900 ரூபாயைச் சமாளிக்க வேண்டும். பற்றாக்குறை மாதம் 16,000 ரூபாய். கையிருப்பு ஏழு மாதங்கள் தாங்கும்.

அதற்கும் மேல் வீட்டில் இருக்க நேர்ந்தால் நகைக்கடனை நாடலாம். இருபத்தொரு தவணைகள் முடிந்த நிலையில் தனிநபர் கடனில் ஏறத்தாழ 1,45,000 ரூபாய்தான் நிற்கும். அப்போது அடகு வைக்காத நகை உங்களிடம் இருந்து, அதை வைத்து அந்தக் கடனை முடித்தால், மாதம் 10,600 ரூபாய் போன இடத்தில் 1,200 ரூபாய்க்கும் குறைவான வட்டியே வரும். அசலை நீங்கள் வேலைக்குத் திரும்பிய பிறகு கட்டிக்கொள்ளலாம். இதை இன்றே செய்துவிடலாமே என்று தோன்றும். இன்று செய்தால் முன்கூட்டி முடிக்கும் கட்டணம், 4 சதவீதமும் வரியும் என்றாலும், 14,600 ரூபாய் ஆகும். முதல் ஆண்டில் மிச்சமாகும் வட்டி அதைவிடக் குறைவு. பிரசவ நேரத்து அவசரத்துக்கு எடுக்க வேண்டிய நகையும் வங்கியில் முடங்கிவிடும். எனவே அடகு வைக்காத நகை குழந்தை பிறக்கும்வரை வீட்டிலோ லாக்கரிலோ இருக்கட்டும்.

கருவுறுவதற்கு முன்பே இருவரும் டேர்ம் காப்பீடு (குறித்த காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுத்துவிடுங்கள். கர்ப்ப காலத்தில் விண்ணப்பித்தால் சில நிறுவனங்கள் பிரசவம் வரை தள்ளிப்போடுகின்றன. அதற்கான பிரீமியத்தை, கார்டு முடிந்த மூன்றாம் மாதத்து 8,000 ரூபாயிலிருந்து ஒதுக்குங்கள்; மேலே சொன்ன கையிருப்பு அந்த அளவுக்குக் குறையும்.