கனடாவில் அகதிக் கோரிக்கைக்குச் சட்டத்தரணி அவசியமா, படிவம் நிரப்பித் தருபவர் போதாதா?

சட்டத்தரணி வையுங்கள். கையில் பணம் இல்லாவிட்டாலும் வைக்கலாம். அதற்கான வழியைக் கீழே சொல்கிறேன்.

"என் கதை உண்மையானது, அதை ஆங்கிலத்தில் எழுதித் தர ஒருவர் இருந்தால் போதாதா, சட்டத்தரணிக்கு ஆயிரக்கணக்கில் ஏன் கொடுக்க வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். 2016 மார்ச்சில் நானும் இதே சொற்களைத்தான் என் சித்தியிடம் சொன்னேன். அதனால் இந்தக் கேள்வியைக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

உங்கள் நிலையை ஓரளவு ஊகிக்க முடிகிறது. வந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். உறவினர் வீட்டு நிலவறையில் தங்கியிருப்பீர்கள். "எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், நூறு கேஸ் எழுதியவர்" என்று அந்த உறவினரே ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்திருப்பார். எனக்கும் அப்படித்தான் நடந்தது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கடைத் தொகுதியில், வரிக் கணக்கு எழுதும் கடையின் பின்னறை. அவர் ஒரு சட்டத்தரணிக்கு மொழிபெயர்ப்பாளர். கதையை எழுதுவதும் அவரே, படிவத்தை நிரப்புவதும் அவரே. சட்டத்தரணியின் பெயர் படிவத்தில் இருந்தது. அவரை நான் விசாரணைக்கு முன்பு ஒரே ஒரு தடவை பார்த்தேன், இருபது நிமிடம். இரண்டு பேருக்கும் சேர்த்து 2,500 டொலர் ரொக்கம், ரசீது இல்லை. அம்மா தந்த காப்புகளில் இரண்டு அதில் போயின.

அந்த மொழிபெயர்ப்பாளர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. அவர் எழுதிய ஆங்கிலத்தில் பிழை இருக்கவில்லை, என் கதையில் ஒரு பொய்யையும் சேர்க்கவில்லை. அப்படியிருந்தும் என் கேஸ் விழுந்தது. ஏன் விழுந்தது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

என் கோரிக்கையின் மையம் என் அண்ணா. 2014 இல் சிவில் உடையில் வந்தவர்கள் அவரை யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் வைத்துப் பிடித்துப் போனார்கள். அதன் பிறகு என்னைத் தேடி இரண்டு முறை வீட்டுக்கு வந்தார்கள். அண்ணா என்றால் என் பெரியம்மாவின் மகன். ஒரே வளவில் இரண்டு வீடு, ஒரே கிணறு. நான் பிறந்த நாளிலிருந்து அவர் எனக்கு அண்ணாதான். பியர்சன் விமான நிலையத்தில் அதிகாரி என்னிடம் கேள்வி கேட்டபோது தொலைபேசி வழியாக ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். "அண்ணாவைப் பிடித்தார்கள்" என்றேன். அவர் 'பிரதர்' என்றார். அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார்.

கோரிக்கையின் அடிப்படையை விவரிக்கும் பி.ஓ.சி. படிவத்தைக் கொடுக்க அப்போது 15 நாட்கள் தந்தார்கள். ஸ்காபரோ மொழிபெயர்ப்பாளர் விவரமானவர். உறவு என்னவென்று கேட்டு 'கசின்' என்று எழுதினார். அது சரியான சொல். இன்னொரு படிவத்தில் உடன்பிறப்புகள் என்ற இடத்தில் என் இரண்டு அக்காமாரின் பெயர்கள் மட்டும் இருந்தன. அதுவும் சரி. ஆக, விமான நிலையக் குறிப்பில் ஒரு சகோதரன், பி.ஓ.சி. படிவத்தில் ஒரு கசின், குடும்பப் பட்டியலில் சகோதரனே கிடையாது. மூன்று காகிதமும் என் கோப்பிலேயே இருந்தன. விசாரணை வரை ஒன்றரை வருடம் இருந்தும், அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை.

2017 நவம்பரில் ரொறன்ரோ விக்டோரியா வீதி 74 ஆம் இலக்கக் கட்டடத்தில் விசாரணை. அகதிக் கோரிக்கைகளை விசாரித்து முடிவு சொல்வது குடிவரவு அகதிகள் சபை. அதன் உறுப்பினர் மரியாதையாகத்தான் கேட்டார். 'பிரதர்' இருக்கிறாரா என்று அவர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர், "உங்களுக்கு அண்ணா இருக்கிறாரா?" என்று தமிழில் சொன்னார். நான் "ஓம், இருக்கிறார்" என்றேன்.

"அப்படியானால் படிவத்தில் ஏன் இரண்டு சகோதரிகள் மட்டும்?"

எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. சிறிது நேரம் கழித்து, "அவர் கூடப்பிறந்தவர் இல்லை" என்றேன். உறுப்பினர் பேனாவை எடுத்து எதையோ எழுதினார். கேள்வியில் மாட்டியதும் கதையை மாற்றுகிறாள் என்பதுபோல் அது ஆகிவிட்டது. என் சட்டத்தரணி காகிதங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம், "தமிழில் பெரியம்மாவின் மகனையும் அண்ணா என்றுதான் அழைப்பார்கள்" என்று அவர் சொல்லியிருந்தால் போதும். அவருக்கே அது தெரியாது. தெரிந்துகொள்ளும் அளவுக்கு என்னோடு அவர் பேசியதில்லை.

2018 ஜனவரியில் நிராகரிப்பு வந்தது. என் சாட்சியம் நம்பத்தக்கதாக இல்லை என்பதுதான் காரணம். கேள்வி எழுந்ததும் சாட்சியத்தை மாற்றிக்கொண்டேன் என்று எழுதியிருந்தார்கள். என் அண்ணா எனக்கு யார் என்பதில் நான் பொய் சொன்னேன் என்று ஒரு காகிதம் சொன்னது. அந்த வாரம் முழுவதும் நான் ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை.

மேன்முறையீடு செய்வதாகச் சபையின் அகதி மேன்முறையீட்டுப் பிரிவுக்கு அறிவித்தல் கொடுக்க, முடிவு கைக்குக் கிடைத்ததிலிருந்து 15 நாட்கள். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அழுவதற்கென்று அதில் நாள் ஒதுக்க முடியாது. நான் ஐந்து நாட்களை அழுதே தொலைத்தேன். சித்தியின் தோழி ஒருவர் லீகல் எய்ட் ஒன்ராறியோ என்ற சட்ட உதவி அமைப்புக்குத் தொலைபேசி எடுத்துத் தந்தார். வருமானம் இல்லாதவர்களுக்கு அவர்கள் வழக்கைப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். அதை ஏற்கும் சட்டத்தரணிக்கு அவர்களே பணம் கொடுப்பார்கள். முதலிலேயே நான் இதைக் கேட்டபோது, "லீகல் எய்ட் எடுத்தால் சபை மதிக்காது" என்று கடைப் பின்னறையில் சொன்னார்கள். சுத்தப் பொய். உங்களிடமும் யாராவது இப்படிச் சொன்னால், அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது சட்டத்தரணி தமிழர் இல்லை. முதல் சந்திப்பே இரண்டரை மணி நேரம், அவரே ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளரோடு. மூன்று காகிதங்களையும் மேசையில் வரிசையாக வைத்தார். மஞ்சள் மார்க்கரால் மூன்றிலும் ஒவ்வொரு சொல்லைத் தீட்டினார். பிறகு வெற்றுத்தாள் ஒன்றை எடுத்து, "உங்கள் அம்மாவின் அக்காவுடைய மகனை எப்படிக் கூப்பிடுவீர்கள்?" என்று கேட்டார்.

"அண்ணா."

"உங்கள் அம்மாவின் தம்பியுடைய மகனை?"

"மச்சான்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கேஸ் அந்த நிமிடமே திரும்பிவிட்டது என்று இன்றும் நம்புகிறேன்.

அதன் பிறகு நடந்தது எல்லாம் உழைப்பு. விசாரணையின் ஒலிப்பதிவைச் சபையிடம் கேட்டு வாங்கினார். இங்கு விசாரணைகளைப் பதிவுசெய்வார்கள். 'பிரதர்' என்ற சொல் தமிழில் 'அண்ணா' என்று எனக்கு வந்த இடத்தை, சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு எழுதி வாங்கினார். அண்ணாவின் பிறப்புச் சான்றிதழ், பெரியம்மாவுடையது, அம்மாவுடையது எல்லாம் ஊரிலிருந்து வந்தன. மேன்முறையீட்டில் நினைத்தபடி புதுச் சான்று கொடுக்க முடியாது. நிராகரிப்புக்குப் பிறகு தோன்றியதாகவோ, முன்பு நியாயமாகக் கிடைத்திருக்க முடியாததாகவோ அது இருக்க வேண்டும். முதல் சட்டத்தரணியின் கவனக்குறைவைக் காரணமாகக் காட்டுவதென்றால் அவருக்கு எழுத்தில் அறிவித்து, பதில் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். இவை எதுவும் படிவம் நிரப்புபவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் செய்ய அவருக்கு உரிமை இல்லை. அந்த வருடமே மேன்முறையீடு எனக்குச் சாதகமாக முடிந்தது.

குடிவரவு ஆலோசகர்கள், அதாவது சட்டத்தரணியாக இல்லாமல் குடிவரவுக் கேஸ் பார்ப்பவர்கள், எல்லோரும் மோசம் என்கிறாளா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அப்படிச் சொல்லவில்லை. உரிமம் பெற்ற நல்ல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 2022 ஜூலையிலிருந்து குடிவரவு அகதிகள் சபையின் முன் வாதாட ஆலோசகர்களுக்குத் தனி வகுப்பு உரிமம் வேண்டும். எல்லா ஆலோசகர்களிடமும் அது கிடையாது. ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பு இணையத்தில் பொதுப் பட்டியல் வைத்திருக்கிறது, சட்டத்தரணிகளுக்கு உரிமம் கொடுக்கும் ஒன்ராறியோ சட்டச் சங்கமும் வைத்திருக்கிறது. பெயரைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். இரண்டிலும் பெயர் இல்லாதவர் பணம் வாங்கி உங்கள் கேஸை நடத்தினால் அது சட்டப்படி குற்றம். குற்றம் அவருடையது என்றாலும் விசாரணையில் அவர் உங்கள் பக்கத்தில் உட்கார மாட்டார். தனியாக உட்கார்ந்திருப்பது நீங்கள்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை; கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றால் மன்னியுங்கள். என் கேஸ் விழுந்தபோது மிகவும் நோகடித்தவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்லர். 1980களில் வந்து வீடும் கடையும் வைத்திருக்கும் நம்மவர்கள்தான். "இப்போது அங்கே என்ன பிரச்சினை, பொய்க் கேஸ் கொடுத்தால் இப்படித்தான்" என்று ஒரு பிறந்தநாள் விழாவில் என் காதுபடப் பேசினார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலில் சொன்னார்கள்; உண்மையில் மேற்கு ஜெர்மனியில் கப்பல் ஏறியது பிறகு தெரியவந்தது. அவர்களையும் இந்த நாட்டில் பலர் பொய்யர் என்றார்கள். இருந்தும் தங்க விட்டார்கள். அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று வருபவர்களைப் பார்த்து அதே சொல்லைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கை நடுங்குகிறது. 2019 ஏப்ரலில் ஒன்ராறியோ அரசு அகதி வழக்குகளுக்கான தன் சட்ட உதவிப் பணத்தை நிறுத்தியபோதும் அவர்களில் சிலர் நல்லது என்றார்கள். ஆகஸ்டில் மத்திய அரசு பணம் கொடுத்திருக்காவிட்டால் எத்தனை பேர் என்னைப் போல் வழி தெரியாமல் நின்றிருப்பார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் சட்டம் படித்தவள் இல்லை, ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். நாட்கணக்கும் விதிகளும் எனக்குப் பிறகு மாறியிருக்கலாம். உங்கள் கையில் உள்ள காகிதத்தில் அச்சிட்டிருக்கும் திகதியையே நம்புங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பி.ஓ.சி. படிவத்தின் கடைசியில் மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழி ஒன்று இருக்கிறது. முழுவதையும் உங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டியதாக அவர் கையெழுத்திடுகிறார். உண்மையாகவே வாசித்துக் காட்டிய பிறகுதான் உங்கள் பேனாவைத் திறவுங்கள்.

சட்டத்தரணியைப் பார்க்கப் போகும் முன், விமான நிலையத்தில் தந்த காகிதக் கட்டைத் தேடி எடுங்கள். அண்ணா, தம்பி, அக்கா, மாமா என்று நீங்கள் சொல்லியிருக்கக்கூடிய ஒவ்வொருவரின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, அதற்குப் பக்கத்தில் அவருடைய அம்மாவின் பெயரையும் அப்பாவின் பெயரையும் எழுதுங்கள். அந்தத் தாளை அவருடைய மேசையில் முதலில் வையுங்கள். அதைப் பார்த்து அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். ஒன்றும் கேட்காமல் கோப்புக்குள் செருகினால், வேறு ஒருவரைத் தேடுவதற்கு உங்களுக்கு இன்னும் நாட்கள் இருக்கும்.