பேசினால் அடங்கும் நாக்கு

அன்புள்ள அக்கா,

எனக்கு 43 வயது. பள்ளியில் கணக்கு ஆசிரியை. பதினோரு வருடங்களுக்கு முன் மனநிலை சரியில்லாமல் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இருமுனை நோய் என்றார்கள். மாத்திரை சாப்பிட்டுத் தேறினேன், வேலைக்கும் திரும்பினேன். போன மாதம் வரை மாத்திரையை ஒருநாள்கூட விட்டதில்லை.

இரண்டு வருடங்களாக என் வாய் சும்மா இருப்பதில்லை. எதையோ மெல்லுவதுபோல் தாடை அசைகிறது. உதடு குவிகிறது. நாக்கு நுனி வெளியே வந்து வந்து போகிறது. மருந்தால் வந்தது, டார்டிவ் டிஸ்கைனீசியா என்று டாக்டர் சொன்னார். பாடம் நடத்தும்போது பரவாயில்லை. தேர்வு அறையில் கண்காணிப்புக்கு நிற்கும்போதுதான் மோசம். போன மாதம் கடைசி வரிசைப் பையன் ஒருவன் என்னைப் போலவே வாயை அசைத்துக் காட்ட, ஐந்தாறு பேர் சிரித்துவிட்டார்கள். அன்றிரவே மாத்திரையை நிறுத்தினேன். பன்னிரண்டு நாள். தூக்கம் போயிற்று, வாய் முன்பைவிட வேகமாக ஓடியது. அண்ணன் வந்து டாக்டரிடம் கூட்டிப்போனார். இப்போது மறுபடி சாப்பிடுகிறேன்.

வீட்டுக்காரர் 'கொஞ்சம் கன்ட்ரோல் பண்ணேன்' என்கிறார். புத்தி தெளிந்ததற்குக் கடவுள் வாங்கிக்கொண்ட கூலி என்று நினைத்துக்கொள்கிறேன். உங்கள் சித்திக்கும் இப்படி வாய் அசையும் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அவர் எப்படிச் சமாளித்தார்? பெயரை வெளியிட வேண்டாம்.

கே.

*

அன்புள்ள கே.,

கூலி என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதோடு சண்டை போட்டுவிடுகிறேன். என் சித்திக்கு மனநோய் எதுவும் வந்ததில்லை. அவருக்கு வந்தது குமட்டல். சாப்பிட்டால் நெஞ்சிலேயே நிற்கிறது, வாந்தி வருவதுபோல் இருக்கிறது என்று போனார். மெட்டோக்ளோப்ரமைட் என்ற மாத்திரையை டாக்டர் கொஞ்ச நாளுக்கு எழுதிக் கொடுத்தார். கேட்டது. கேட்ட மருந்தை யார் விடுவார்கள்? அதே சீட்டைக் காட்டிக் காட்டி ஒன்றரை வருடம் வாங்கினோம். வாங்கினோம் என்ன, வாங்கி வந்தது நான்தான்.

அந்த மருந்தைப் பன்னிரண்டு வாரத்துக்கு மேல் சாப்பிடக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உறையில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது 2009இல். சித்தியின் வாய் அசைய ஆரம்பித்தது அதற்கு நாலு வருடம் முன்னால். முதலில் பழியெல்லாம் பல்செட்டின் மேல் விழுந்தது. லூசாக இருக்கிறது, அதனால்தான் மெல்லுகிறார் என்று புதுசு கட்டினோம். அதுவும் சரியில்லை என்று இன்னொன்று. மூன்றாவது செட்டும் வந்த பிறகுதான் ஒரு நரம்பியல் மருத்துவர், 'பல்லை விடுங்கள், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்டார்.

ஆக, மனசுக்குச் சாப்பிட்ட உங்களுக்கும் வயிற்றுக்குச் சாப்பிட்ட சித்திக்கும் ஒரே அசைவுதான் வந்தது. இரண்டு மருந்தும் செய்கிற வேலை ஒன்று: மூளையில் டோபமின் என்ற ரசாயனம் போய்ச் சேரும் இடங்களை அடைப்பது. வருடக்கணக்கில் அடைத்து வைத்தால், அந்த இடங்கள் பசியெடுத்தவை மாதிரி ஆகிவிடுகின்றன. கொஞ்சம் டோபமின் பட்டாலே துள்ளுகின்றன. இதுவே முழு விளக்கம் இல்லைதான், ஆனால் பரவலாகச் சொல்லப்படுவது இது. பன்னிரண்டு நாள் நிறுத்தியபோது உங்கள் வாய் ஏன் வேகமெடுத்தது என்பதும் இதிலேயே புரிந்துவிடும். அடைப்பு போய்விட்டது, பசி போகவில்லை. எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் இனி ஒருமுறை நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைப்பதோ மாற்றுவதோ உங்கள் மனநல மருத்துவர் கையைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டிய காரியம். தூக்கம் போனதுதான் உங்கள் பழைய நோய் திரும்புவதற்கு முதல் எச்சரிக்கை மணி என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

இது அபூர்வ வியாதியும் இல்லை. மனநோய்க்கான முதல் நவீன மருந்தான குளோர்ப்ரோமசைன் 1952இல் பாரிஸில் பயன்பாட்டுக்கு வந்தது. ஐந்தே வருடத்தில், 1957இல், ஜெர்மனியில் ஒரு மருத்துவர் இந்த வாயசைவை எழுதி வைத்துவிட்டார். 1964இல் இப்போதுள்ள பெயர் வந்தது. டார்டிவ் என்றால் தாமதமாக வருவது. இவ்வகை மருந்துகளை நீண்டகாலம் சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இது ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. பழைய மருந்துகளில் அதிகம், புதியவற்றில் குறைவு. வயது கூடினால், பெண்ணாக இருந்தால், சர்க்கரை நோய் இருந்தால், உங்களைப் போல மனநிலை ஏறி இறங்குகிற நோய் இருந்தால், வாய்ப்பு கூடுகிறது. இந்தப் பட்டியலில் கடவுளுக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, சித்தி கதைக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதே அதைத்தானே.

மாத்திரையை நிறுத்திய பிறகு அசைவு கொஞ்சம் குறைந்தது. போகவில்லை. முதல் இரண்டு வருடம் அவர் வாழ்ந்ததைச் சமாளித்தார் என்று சொல்ல மாட்டேன். ஒளிந்தார். கையில் எப்போதும் ஒரு கைக்குட்டை. கல்யாணத்துக்குப் போகமாட்டார், யாராவது வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவார். பல்லைக் கடித்து அடக்கிப் பார்ப்பார். அரை நிமிடம் அடங்கும். அப்புறம் அடக்கியதற்கும் சேர்த்து ஓடும். சாயங்காலம் ஆனால் தாடை வலி. உங்கள் வீட்டுக்காரருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். கன்ட்ரோல் பண்ண முடியும், அரை நிமிடத்துக்கு. கொட்டாவியை அடக்குகிற மாதிரி. நாள் முழுக்கக் கொட்டாவியை அடக்கிக்கொண்டு அவர் தன் வேலையைப் பார்க்கட்டும், பிறகு பேசலாம்.

மாறியது ஒரு பித்தானால். என் சட்டையில் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியில் நூல் கோக்கும்போது வாய் படுவேகமாக ஓடியது. நாக்கு ஒரு பக்கக் கன்னத்தை உள்ளிருந்து முட்டி முட்டித் தள்ளியது. அந்த நேரம் நான் என்னவோ கேட்க, பதில் சொல்ல ஆரம்பித்தார். வாய் நின்றுவிட்டது. பேசி முடித்தார், ஓடியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நரம்பியல் மருத்துவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். இந்த அசைவின் குணமே அதுதானாம். அந்த உறுப்பை வேண்டுமென்றே வேலை வாங்கினால் அசைவு தணியும். வேறொரு உறுப்புக்கு வேலை கொடுத்தால், மனசு அங்கே போய்விடுவதால், இது கூடும். பதற்றத்தில் ஏறும். தூங்கும்போது அறவே இருக்காது. அன்றிரவு நான் போய்ப் பார்த்தேன். விளக்கைப் போடாமல், கதவருகே நின்று. பழைய சித்தி முகம்.

அதற்குப் பிறகு அவர் வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினார். பேருந்தில் செய்தித்தாளை முணுமுணுப்பாக வாசித்துக்கொண்டே வருவார். வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவரிடம் பேச்சுக் கொடுப்பார். அதுவரை அதிகம் பேசாத மனுஷி. ஊமைச்சாமி என்று வீட்டில் கிண்டல் செய்வோம். கடைசியில் பக்கத்து வீட்டுக் கண் தெரியாத பெரியவருக்குத் தினமும் ஒரு மணிநேரம் புத்தகம் வாசிக்கிற வேலையைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். தானமும் இல்லை, தொண்டும் இல்லை. 'அவருக்குக் கதை, எனக்கு வாய்க்கு ஓய்வு' என்பார்.

உங்கள் கடிதத்தில் இது அப்படியே இருக்கிறது, கவனித்தீர்களா? பாடம் நடத்தும்போது பரவாயில்லை, தேர்வு அறையில் மோசம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாடம் நடத்தும்போது வாய்க்கு வேலை இருக்கிறது. தேர்வு அறையில் பேசக்கூடாது, நாற்பது பிள்ளைகள் பார்க்கிறார்கள், பதற்றம் வேறு. அங்கே அசையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தலைமையாசிரியரிடம் காரணத்தைச் சொல்லி, கண்காணிப்புக்குப் பதிலாக வேறு வேலை கேட்டு வாங்குங்கள். விடைத்தாள் திருத்துங்கள், வினாத்தாள் கட்டுங்கள். ஓடி ஒளிவதாக நினைக்க வேண்டாம். கால் வலிக்கிறவர் மாடி வகுப்பு வேண்டாம் என்று கேட்பதில்லையா?

டாக்டரிடம் போவதிலும் இதே சிக்கல் உண்டு. அவர் அறையில் நீங்கள் பேசிக்கொண்டே இருப்பீர்கள், வாய் சமர்த்தாக இருக்கும், 'ஒன்றும் பெரிதாக இல்லையே' என்று அனுப்பிவிடுவார். சித்திக்கு இது நடந்தது. அதனால் அசைவை முறையாக அளக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கென்றே ஏஐஎம்எஸ் என்று பன்னிரண்டு அம்சங்கள் கொண்ட ஓர் அளவுகோல் 1976இலிருந்து இருக்கிறது. வாயில் ஏதாவது இருக்கிறதா, பல்லில் கோளாறு உண்டா என்று கேட்பார்கள். கையைத் தொங்கவிட்டு உட்காரச் சொல்வார்கள். வாயைத் திறக்கச் சொல்வார்கள், நாக்கை நீட்டச் சொல்வார்கள். பிறகு கட்டைவிரலால் மற்ற விரல்களை வேகவேகமாகத் தட்டச் சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தத் தட்டல் எதற்கு என்று இப்போது உங்களுக்குத் தெரியும்: சித்தியின் ஊசி நூல்தான் அது. பத்து நிமிட வேலை. இந்த மருந்துகளைச் சாப்பிடுகிற எல்லாருக்கும் வருடம் ஒருமுறையாவது, ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியது. செய்கிறவர்கள் குறைவு என்பது என் ஆதங்கம்.

மருந்து மாற்றமும் பேசிப் பார்க்கலாம். டோபமினை அவ்வளவு இறுக்கமாக அடைக்காத க்ளோசபின் போன்றவை உண்டு, அதற்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். இந்த அசைவுக்கென்றே 2017இல் வால்பெனசின், டியூடெட்ராபெனசின் என்று இரண்டு மருந்துகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பே டெட்ராபெனசின் இருந்தது. டோபமின் கிளம்புகிற இடத்திலேயே அளவைக் குறைப்பவை இவை. பலருக்கு அசைவு நன்றாகக் குறைகிறது. ஆனால் டெட்ராபெனசின் மனச்சோர்வைக் கொண்டுவரக்கூடியது. உங்கள் பழைய நோயை மறைத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போகாதீர்கள் என்று இதனால்தான் சொல்கிறேன். இரண்டு டாக்டர்களும் ஒருவர் சீட்டை ஒருவர் பார்த்திருக்க வேண்டும். இன்னொன்று, நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் கொடுக்கிற ட்ரைஹெக்சிபெனிடில் உங்கள் சீட்டில் இருக்கிறதா பாருங்கள். இந்த வாயசைவுக்கு அது உதவாது, சிலருக்குக் கூட்டியும் விடும். இருந்தால், ஏன் என்று கேளுங்கள். அதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பல் மருத்துவரை ஒருமுறை பாருங்கள். நாக்கு உரசி உரசிக் கூரான பல் முனையில் புண்ணாகும். சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார்ந்து சின்னச் சின்னக் கவளமாகச் சாப்பிடுங்கள். அடிக்கடி புரையேறினால் அதைச் சாதாரணமாக விடவேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

அந்தப் பையன் விஷயம். நீங்கள் என்னிடம் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தை எழுத வைத்ததே அவன்தான். வகுப்பில் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். நோயின் பெயரோ பதினோரு வருடக் கதையோ அவர்களுக்குத் தேவையில்லை. சித்தி ஒரே வாக்கியம் வைத்திருந்தார். யார் முறைத்துப் பார்த்தாலும் அதேதான், கூட்டவும் மாட்டார் குறைக்கவும் மாட்டார்: 'ஒரு மாத்திரை ஒத்துக்கலை, வாய் தானா அசையும், வலிக்காது.' அவ்வளவுதான். கேட்டவர் ஒரு நிமிடம் அசடு வழிவார், அப்புறம் தன் மூட்டுவலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். முதல் தடவை அதைச் சொல்ல சித்திக்கு இரண்டு வருடம் ஆயிற்று. இரண்டாம் தடவைக்கு இரண்டு நாள்கூட ஆகவில்லை. பிள்ளைகளில் ஒருவன் மறுபடியும் சிரிக்கலாம். பதின்மூன்று வயதில் சிரிக்கத்தான் செய்வார்கள், நானும் வாத்தியார்களைப் பார்த்துச் சிரித்தவள்தான்.

சித்தி மேலும் பன்னிரண்டு வருடம் இருந்தார். இறந்தது வேறு காரணத்தால். அந்தப் புது மருந்துகள் அவருக்கு எட்டவில்லை, உங்களுக்கு எட்டக்கூடும். அடுத்த முறை டாக்டரிடம் போகும் முன்பு, அண்ணனையோ வீட்டுக்காரரையோ உங்கள் முகத்தைப் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் போதும். நீங்கள் பேசக்கூடாது. கையில் ஊசியும் நூலும் இருக்கட்டும்.